மருதாணி மறைத்த வெளுப்பு

என் பழைய அறையில் இப்போது உட்கார்ந்து வைத்தியம் பார்க்கும் இளம் டாக்டர் போன வாரம் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மேஜையின் அடி இழுப்பறையில் கிடந்ததாம். உள்ளங்கை அகலம், கறுப்பு அட்டை. உள்ளே மை ஒற்றும் தாள் போன்ற வெள்ளைத் தாள்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் பத்துச் சிவப்புக் கட்டங்கள். வெளிறிய ரோஜா நிறத்தில் தொடங்கி, அரளிச் சிவப்பு, செம்பருத்திச் சிவப்பு என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசிக் கட்டம் அடர்ந்த ரத்தச் சிவப்பில் முடியும்.

"இது என்ன சார், பெயிண்டுக் கடை சாம்பிளா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் தப்பில்லை. அவர் ரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார். மறுநாள் டைப் அடித்த தாள் வருகிறது. "இதுதான் அய்யா எங்கள் சோதனைச்சாலை" என்றேன். "இதை வைத்துக்கொண்டா ரத்தசோகைக்கு மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வாசலில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று கிளம்பிப் போய்விட்டார். பதில் சொல்ல ஒரு சாயங்காலமாவது வேண்டும், அவருக்கு ஏது நேரம்? அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். கல்கத்தாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த என் அத்திம்பேர், இங்கே வந்து டாக்டருக்குப் படி என்று கடிதம் போட்டார். வந்தேன், படித்தேன். அந்த நாலு வருஷத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மீன் வாசனை பழகிற்று, வங்காளி பேச வந்தது, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஏறிற்று. பாஸ் செய்த கையோடு காளிகாட்டில் நிவாரண் பாபு என்ற பெரிய டாக்டரின் டிஸ்பென்ஸரியில் உதவி டாக்டராகச் சேர்ந்துவிட்டேன்.

கோயிலுக்குப் போகும் சந்து ஒன்றில் இருந்தது டிஸ்பென்ஸரி. இப்போது நினைத்தால் அந்தச் சந்து எனக்குக் கனவில் வருகிற மாதிரிதான் வருகிறது. குரல்கள் கேட்பதில்லை, நிறங்கள் மட்டும் வருகின்றன. காளிக்குச் சாத்தும் செம்பருத்தி மாலைகள், பெண்களின் வகிட்டில் குங்குமம், கால் ஓரங்களில் அவர்கள் பூசும் ஆல்தாச் சாயத்தின் சிவப்பு, மழைத் தண்ணீரில் கரைந்து ஓடும் சிவப்புப் பொடி. இத்தனை சிவப்புக்கும் நடுவிலிருந்து எங்கள் படியேறி வருகிறவர்கள் மட்டும் வெளுத்திருப்பார்கள். மலேரியாவில் வெளுத்தவர்கள், பிள்ளைப்பேறில் வெளுத்தவர்கள், காலா ஆஜார் என்ற கருங்காய்ச்சலில் வயிறு உப்பி வெளுத்தவர்கள், ஏன் என்றே தெரியாமல் வெளுத்தவர்கள்.

நிவாரண் பாபு பெருத்த சரீரம், மெல்லிய குரல். பொடி போடுவார். வாய் திறந்து பேசுவதென்றால் அவருக்குச் சோம்பல். அவர் நாற்காலி வாசலைப் பார்த்திருக்கும். நோயாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவதற்குள் அவர் பாதி வேலையை முடித்துவிடுவார். நடக்கும்போது இளைக்கிறதா, படியில் கை ஊன்றுகிறாரா, கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பொடி டப்பியைத் திறப்பார். உட்கார்ந்தவுடன் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ரேகைகளின் நிறத்தைப் பார்த்து, நகங்களை ஒவ்வொன்றாகத் தடவுவார். ரத்தம் ரொம்பக் குறைந்தவர்களுக்கு நகம் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கும்படி ஆகிவிடும்.

அதற்கப்புறம்தான் இந்தப் புத்தகம். ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் காது மடலில் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும், அமுக்கிப் பிழியக் கூடாது. இரண்டாவது சொட்டைத் தாளில் ஒற்றிக்கொண்டு சன்னலுக்குப் போக வேண்டும். ஈரப் பளபளப்பு போகும்வரை பொறுக்க வேண்டும், காய்ந்து பழுப்பாகவும் விடக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி உண்டு. முதுகுப் பக்கத்திலிருந்து பகல் வெளிச்சம் விழும்படி நின்று, எந்தக் கட்டத்தோடு நிறம் ஒத்துப்போகிறது என்று அந்த நொடியில் பார்த்துவிட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாருக்கும் ரத்தம் கூடிவிடும் என்பார். முதல் கட்டம் நூற்றுக்குப் பத்து, கடைசிக் கட்டம் முழு நூறு. ஆனி ஆடி மாதங்களில் மேகம் கவிந்து வெளிச்சம் பச்சையாக வரும், அப்போது மேகம் விலகும்வரை இரண்டு பேரும் சன்னலோரம் நின்றுகொண்டிருப்போம்.

இந்தப் புத்தகம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, ஏன் குறைந்தது என்று சொல்லாது. அதற்கு அவர் வைத்திருந்த வரிசை வேறு. காய்ச்சல் உண்டா, மண்ணீரல் கைக்குத் தட்டுகிறதா, ரத்தம் எந்த வழியாகவாவது போகிறதா, கடைசியில் மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டை இருக்கிறதா. இந்த நாலும் பார்க்காமல் இரும்பு மருந்து எழுதினால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். தினம் காலையில் எங்கள் சன்னல் மேடையில் இலையால் மூடிய மண் குவளைகள் வரிசையாக இருக்கும். வங்காளிக் குடும்பங்கள், பீகார்க் கூலிகள், யாராக இருந்தாலும் தயிர் விற்கும் அந்தச் சின்னக் குவளையில் மலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். நான் மூக்கைச் சுளிக்காமல் கண்ணாடிச் சில்லில் தடவி, பித்தளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதி வைப்பேன். ஆக, எனக்குத் தெரியாத காரியம் இல்லை அது.

அந்தக் காலத்தில் காளிகாட், பவானிபூர் பக்கம் நம்மவர்கள் ஒரு கைப்பிடிதான். கம்பெனியிலோ ஆபீஸிலோ வேலை கிடைத்து வந்தவர்கள். பிற்பாடு நம்மவர்கள் கூட்டமாகக் குடியேறிய கரியாஹாட் பக்கம் அப்போது குளமும் வயலும், அங்கே யாரும் குடியிருக்கவில்லை. தமிழ் டாக்டர் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் எல்லாரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இமையை இழுத்துப் பார்ப்பதற்குள் எந்த ஊர், யார் பிள்ளை, இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்துக் காபியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

அப்படித்தான் ராமநாதன் வீட்டுக்குப் போனேன். ராமநாதன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஆபீஸர், என் வயதுதான். மனைவி அலமேலுவுக்குப் பத்தொன்பது இருக்கும். ருக்மிணி என்று ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. ராமநாதனின் தாயார் தர்மு மாமிதான் வீட்டில் எல்லாம். மாமி குரலுக்குத் தெருவில் போகும் காய்கறிக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

"பிள்ளை பெத்ததுலேர்ந்து இப்படியே இருக்கா. மாடி ஏறினா உக்காந்துடறா. பத்தாததுக்கு, தயிர் வாங்கற குவளையை உடைச்சு உடைச்சுத் திங்கறா. நான் வீட்டுல எலி வந்துடுத்தோன்னு பார்த்துண்டிருக்கேன்" என்றாள் மாமி.

அலமேலு சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மண்ணைத் தின்னத் தோன்றுவது ரத்தம் வற்றியதன் அடையாளம். இமையை இழுத்துப் பார்த்தேன், துணி வெளுப்பு. உள்ளங்கையை விரிக்கச் சொன்னேன். இரண்டு கையிலும் மருதாணி. நடுவில் பெரிய வட்டம், விரல் நுனிக்கெல்லாம் தொப்பி, நகங்கள் கருஞ்சிவப்பு.

"கை நன்னாச் செவந்திருக்கே" என்றான் ராமநாதன், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"அது உன் ஆசைக்குச் செவந்தது, உடம்புக்குச் செவக்கலை" என்று மாமி சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கையை விட்டுவிட்டேன்.

காதில் குத்திச் சொட்டு எடுத்துக் கொல்லைப்பக்கத்துச் சன்னலில் வைத்துப் பார்த்தேன். முப்பது. காய்ச்சல் இல்லை, மண்ணீரல் தட்டவில்லை, மாதாமாதம் போக்கும் அதிகமில்லை என்று மாமி சொன்னாள். மீதி இருந்தது ஒரே ஒரு கேள்வி. கேட்க வாயெடுத்தேன். அப்போது அலமேலு முதல் தடவையாகப் பேசினாள்.

"உங்க ஊர் எங்க ஊர்லேர்ந்து ஒன்றரை மைல்தான் அண்ணா. ஆத்துக்கு அந்தக் கரை."

அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள். அவள் மடியாக ஈரப்புடவையோடு பூப்பறித்துப் பூஜைக்கு வைக்கிறவள். எதிரே ஸ்வாமி அலமாரி. என் கையில் மாமி கொடுத்த வெள்ளி டம்ளரில் காபி. இவர்களிடம் போய், நாளைக் காலையில் ஒரு குவளையில் மலத்தைப் பிடித்து வையுங்கள் என்று எப்படிச் சொல்வது? கூலிகளிடமும் முன்பின் தெரியாத வங்காளிகளிடமும் கூசாமல் கேட்டவன் நம்மவர்களிடம் கூசினேன். பிள்ளைப்பேறில் போன ரத்தம்தான் என்று நானே தீர்மானம் செய்துகொண்டு இரும்பு மிக்ஸ்சர் எழுதினேன். பல் கறுத்துவிடாமல் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிக் குடிக்கச் சொன்னேன்.

முதல் மாதம் நாற்பதுக்கு ஏறிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாம் மாதம் மறுபடி முப்பது. மூன்றாம் மாதம் இருபத்தைந்து இருக்குமா என்று சன்னலில் வெகுநேரம் நின்று பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. மாடி என்ன, கூடத்தைக் கடப்பதற்கே அவளுக்கு மூச்சு வாங்கிற்று. குழந்தையைத் தூக்குவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

நிவாரண் பாபுவிடம் சொன்னேன். அவர் வங்காளியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன், சுந்தரம் என்ற என் பெயர் மட்டும் அவர் வாயில் ஷுந்தரம்தான். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"காய்ச்சல்?"

"இல்லை."

"மண்ணீரல்?"

"தட்டவில்லை."

"மலம் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன கேட்பார் என்று தெரியும், அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கச் சொன்னேன். வாயிலிருந்து விழுந்த பிறகு அதை எடுக்க முடியவில்லை. அவர் நிமிர்ந்து பொடி டப்பியைத் திறந்து, போடாமலே மூடினார்.

"எல்லாம் சரி, மூன்று மாத இரும்புக்கும் மசியவில்லை என்றால், எலும்புக்குள்ளேயே ரத்தம் ஊறவில்லை ஷுந்தரம் பாபு. அதற்கு என்னிடம் மருந்து கிடையாது, யாரிடமும் கிடையாது. தாயார் இருந்தால் பக்கத்தில் போய் இருக்கட்டும் என்று புருஷனிடம் சொல்லுங்கள்."

நான் போய்ச் சொன்னேன். அதையும் சொன்னவன் நான்தான். ராமநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டான், கழற்றினான். மாமி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மெயிலில் மதராஸுக்கு டிக்கெட் வாங்கினார்கள். இரண்டு ராத்திரிப் பிரயாணத்தை அந்த இதயம் தாங்காது என்று எனக்குத் தெரியும். போகும் வழியிலேயே, ஏதோ ஒரு ஸ்டேஷனில், அந்தப் பெண் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கால் வீக்கத்தைப் பார்க்கப் போனேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கூடத்தில் அலமேலு தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தர்மு மாமி அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளங்காலுக்கு மருதாணி அப்பிக்கொண்டிருந்தாள்.

"பிரயாணத்துக்கா மாமி?" என்றேன்.

"பிரயாணத்துக்கு என்ன அலங்காரம் வேண்டிக் கெடக்கு. அரிப்புக்கு. சேத்துப்புண். மழை ஆரம்பிச்சா போறும், விரலிடுக்கெல்லாம் தடிச்சுப் போயிடும். வருஷா வருஷம் இப்படித்தான் மருதாணி அப்பிவிடறோம். எனக்கு முழங்கால் வலி, பூப்பறிக்க இவதானே போறா."

"எங்கே பறிக்கிறது?"

"நம்ம கொல்லைலதான். வாங்கோ, பாருங்கோ. காளிகாட்லயே இப்படிப் பூக்காது."

சன்னலிலிருந்து மூன்று மாதம் அந்தக் கொல்லையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன், ரத்தத்தின் நிறம் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. கதவைத் திறந்து இறங்கினேன். நந்தியாவட்டை, செம்பருத்தி, ஓரத்தில் வாழைக்கூட்டம். மண் கறுப்பாக, ஈரமாக, வளமாக இருந்தது. பூக்களும் இலைக்கு இலை பூத்திருந்தன. வாழைக்குப் பின்னால் சுவர் இடிந்து ஒரு வழி. அடுத்த சந்தில் குடியிருக்கும் வேலைக்காரர்கள் விடிவதற்கு முன் அந்த மறைவுக்குத்தான் வந்து போகிறார்கள் என்பது மூக்குக்கே தெரிந்தது. மழைத் தண்ணீர் அதையெல்லாம் கரைத்துப் பூச்செடிகளின் அடிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. ஈரப்புடவையும் வெறுங்காலுமாக விடியற்காலையில் அவள் நிற்கிற இடம் அது. பூஜைக்குப் பூப்பறிக்கச் செருப்பு போட்டுக்கொண்டு யார் போவார்கள்?

கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. போகிற இடத்தில் அரிக்கும், தடிக்கும். பிறகு குடலுக்குப் போய்ப் பற்றிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். படித்ததுதான் எல்லாம், பரீட்சையில் எழுதியதுதான். காலில் மருதாணி, கையில் மருதாணி, அழகுக்கு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். வாழை மட்டையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன்.

உள்ளே வந்து, சுற்றி வளைக்காமல், "மாமி, அலமேலுவோட மலத்தைப் பரீட்சை பண்ணணும். ஒரு குவளைல வேணும். இன்னிக்கே வேணும்" என்றேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இதுக்கா இவ்வளவு வேர்த்து விறுவிறுத்துப் போயிருக்கேள்? நாலு பிள்ளை வளர்த்தவ நான். மூணு மாசம் முன்னாடியே கேட்டிருக்கப்படாதோ?"

அவ்வளவுதான். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. நான் எந்தக் கூச்சத்தைக் காப்பாற்ற மூன்று மாதம் பாடுபட்டேனோ, அது அந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை. எனக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது.

வாழை இலை கட்டிய குவளையை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தேன். நிவாரண் பாபு தனியாக இருந்தார். நான் சில்லைத் தடவி வைத்து முதலில் பார்த்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி மாதிரி மெல்லிய ஓடு, உள்ளே நாலு சாம்பல் உருண்டைகள், பார்த்த இடமெல்லாம் முட்டை. அவர் வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாருடையது?"

"ராமநாதன் மனைவி."

"பார்த்தேன், சுத்தம் என்றீர்களே?"

"பார்க்கவில்லை. பொய் சொன்னேன்."

கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சன்னலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.  பிறகு, "டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "போய் நிறுத்துங்கள். மருந்து கொடுக்கிற நாளில் காலையிலிருந்து எல்லாம் முடிகிறவரை அந்த வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும். நாடி உங்கள் கையில் இருக்க வேண்டும்" என்றார்.

அந்தக் காலத்தில் கொக்கிப்புழுவுக்குத் தைமால்தான் மருந்து. ஓம வாசனை அடிக்கும் வெள்ளை உப்பு. புழுவைக் கொல்லும், ஏமாந்தால் ஆளையும் கொல்லும். எண்ணெயோ நெய்யோ வயிற்றில் இருந்தால் அதில் கரைந்து ரத்தத்தில் ஏறிவிடும். முதல் நாள் லேசான ஆகாரம், பேதி உப்பு. மறுநாள் பட்டினி, மருந்து, மறுபடி பேதி உப்பு. அவ்வளவு பலவீனமான உடம்புக்கு வழக்கமான அளவில் பாதிதான் கொடுக்கலாம் என்று நிவாரண் பாபு தானே நிறுத்துப் பொட்டலம் கட்டினார்.

மாமியிடம் இதைச் சொல்லத்தான் பயந்தேன். மெலிந்த மாட்டுப்பெண்ணுக்கு ஒரு கரண்டி நெய்யாவது ஊற்றாமல் இருக்க அவளால் முடியுமா? எங்கேயாவது ரசஞ்சாதத்தில் மறைத்து ஊட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் மாமி பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஏகாதசி. அன்னிக்கு இந்தாத்துல அடுப்பே மூட்டறதில்லை. தசமி ராத்திரி எல்லாருக்குமே லேசாத்தான். அன்னிக்கு வெச்சுக்கலாமா?"

எந்த வைத்திய புஸ்தகமும் அதைவிட நல்ல நாள் குறித்திருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரே நீளமான கனவாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. காலையில் முதல் பொட்டலம், இரண்டு மணி நேரம் கழித்து அடுத்தது. கூடத்தில் பாயில் அலமேலு, பக்கத்தில் முக்காலியில் நான், என் விரல் அவள் மணிக்கட்டில். வீடு முழுக்க ஓம வாசனை. அடுப்பு இல்லாததால் சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. ராமநாதன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். வெளியே ஒரே சீராக மழை. மருந்தின் மயக்கத்தில் அவள் ஏதேதோ சொன்னாள்.

"ஆத்துல தண்ணி வந்துடுத்து அண்ணா. அந்தக் கரைக்குப் போகணும்."

"போகலாம்மா. இப்ப படுத்துக்கோ."

"காலெல்லாம் செவப்பா இருக்கு. பூவா?"

"மருதாணி."

மத்தியானம் நாடி நூலாகிவிட்டது. கையில் வருகிறது, போய்விடுகிறது, மறுபடி வருகிறது. உடம்பு சில்லிட்டு வேர்த்தது. மாமியிடம் பால் விடாத கடுங்காபி கேட்டேன். ஏகாதசி என்றும் பாராமல் அடுப்பை மூட்டி டிகாக்ஷன் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். நான் சொன்ன பொய்க்கு இந்தப் பெண் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எந்த ஸ்வாமியிடம் என்று பார்க்கவில்லை, எங்கள் டிஸ்பென்ஸரிச் சந்தின் கோடியில் காளி இருந்தாள், எதிரே அலமாரியில் மாமியின் ஸ்வாமிகள் இருந்தார்கள், எல்லாரிடமும்தான் வேண்டிக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமி பார்த்தாள், அடுத்த ஸ்பூனை நிரப்பிக் கொடுத்தாள்.

நாலு மணி வாக்கில் நாடி தடித்தது. சிறிது நேரத்தில் பேதி உப்பும் வேலை செய்தது. வந்ததை மெல்லிய துணியில் வடிகட்டிப் பார்க்க வேண்டும், புழு போயிற்றா என்று. தோட்டியைக் கூப்பிடலாம் என்றான் ராமநாதன். வேண்டாம் என்று நானே கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து அலசினேன். மாமி குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். துணியில் வெள்ளை வெள்ளையாக, தையல் நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதுபோலக் கிடந்தன.

"இத்தனூண்டா?" என்றாள் மாமி. "இதுவா என் பொண்ணைத் தின்னுண்டிருந்தது?"

"இதுதான் மாமி."

"பூவைக் காட்டிப் பெருமையடிச்சேனே" என்றாள். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை என் கையில் ஊற்றினாள்.

அதன் பிறகு அதே இரும்பு மிக்ஸ்சர், அதே கண்ணாடிக் குழாய். பதினைந்து நாள் கழித்துத் தைமாலை இன்னொரு தடவை கொடுத்தோம். வாரம் ஒரு சொட்டு எடுத்துச் சன்னலில் பார்ப்பேன். முப்பது, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து. சிவப்பு ஒவ்வொரு கட்டமாக ஏறிற்று. மாமி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு தானும் பார்ப்பாள், அவள் கண்ணுக்கு எப்போதும் ஒரு கட்டம் கூடத்தான் தெரியும். துர்கா பூஜைக்குப் பந்தல் போடும்போது எழுபது. அன்றைக்கு அலமேலு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறிப் பந்தலைப் பார்த்தாள்.

கொல்லைச் சுவரை ராமநாதன் அடைத்தான். செருப்பு விஷயத்தில்தான் மாமி பிடிவாதமாக இருந்தாள், தோலைப் போட்டுக்கொண்டு ஸ்வாமி பூவைத் தொடுவதாவது என்று. கடைசியில் அவளே கோயில் வாசல் கடையில் பாதக்குறடு ஒரு ஜோடி வாங்கிவந்தாள். சாமியார்கள் போடுவதல்லவா என்று ராமநாதன் கேலி செய்தான். "மரந்தானே, தோல் இல்லையே. அவ சாமியாராப் போகாம இருக்கத்தான்" என்றாள் மாமி. அதற்கப்புறம் விடியற்காலையில் அந்தப் பக்கம் போனால் கொல்லையில் டக் டக்கென்று மரச்சத்தம் கேட்கும்.

நிவாரண் பாபு அந்தப் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் இருந்தவரை, நான் எந்த நோயாளியைப் பற்றியும் பார்த்தேன் என்று சொன்னால், ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுவார். நான் கண்ணாடிச் சில்லை அந்தக் கையில் வைக்க வேண்டும். அவர் காலமாகி அந்த அறை எனக்கு வந்த பிறகும் சில்லைத் துடைப்பதற்கு முன் என் கை தானாகத் தயங்கும்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் காலை அலமேலு வந்தாள். தலையில் ஒன்றிரண்டு நரை. கூடப் பதினான்கு வயதில் ருக்மிணி, அம்மாவிடம் வங்காளியில் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பெண் பெரியவளானதிலிருந்து வெளுத்திருக்கிறாள், படி ஏறினால் இளைக்கிறாள் என்றாள் அலமேலு. இமையைப் பார்த்தேன், கையை விரிக்கச் சொன்னேன். மருதாணி இல்லை.

"டாக்டர்கிட்ட போகப்போறோம்னு பத்து நாளா வைக்க விடலை அண்ணா" என்றாள்.

காதில் குத்திச் சொட்டைச் சன்னலில் பார்த்தேன். அறுபது. திரும்பி வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நம்மவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குத் தொண்டையைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பையிலிருந்து வாழை இலை கட்டிய ஒரு மண் குவளையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க கேக்கக் கூச்சப்படுவேள்னு நானே கொண்டு வந்துட்டேன் அண்ணா."

குவளையை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பிடம் போனேன். மூன்று சில்லு தடவி மூன்றையும் மூலைக்கு மூலை பார்த்தேன். பிறகு வந்து, சுத்தமாக இருக்கிறது, வெறும் இரும்பு போதும் என்றேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.